டௌ புரதம்: செல்லுக்குள் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். மறதி நோய் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் 'டௌ' என்ற பெயரும் கூடவே வருகிறது, பின்னாலேயே கேள்விகளும் வருகின்றன. நீட் எழுதப்போகும் பிள்ளைகள் கேட்பது ஒரு மாதிரி. அஸ்தம்பட்டியில் காலை நடை போகும் பெரியவர்கள் கேட்பது வேறு மாதிரி. ஏற்காட்டில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்கள் கேட்பது இன்னொரு மாதிரி. பெரும்பாலோர் மனதில் டௌ என்றால் மூளைக்குள் சுரக்கும் விஷம். அப்படியில்லை. எந்தக் கேள்வியை எடுத்தாலும் என் பதில் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது: டௌ நல்லது செய்கிறதா கெடுதல் செய்கிறதா என்பது, அது செல்லுக்குள் எந்த இடத்தில், எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

டௌ என்பது நோயா, கிருமியா?

இரண்டும் இல்லை. நம் உடம்பே செய்துகொள்ளும் ஒரு புரதம். பிறந்த குழந்தையின் மூளையிலும் இருக்கிறது, தொண்ணூறு வயதில் கணக்குப் பிசகாமல் சீட்டுப் பணம் வசூலிக்கும் பாட்டியின் மூளையிலும் இருக்கிறது. "எனக்கு டௌ இருக்குதான்னு பார்க்கணுங்க" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பார்க்கவே வேண்டாம், இருக்கிறது.

உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறது?

முதன்மையாக நரம்பு செல்களில். மூளை, தண்டுவடம், அங்கிருந்து கை கால்களுக்கு ஓடும் நரம்புகள் எல்லாவற்றிலும். கை கால் நரம்புகளில் இருப்பது சற்று வேறு உருவம். மூளையில் இருப்பதைவிட நீளம் கூடியது, ஆராய்ச்சியாளர்கள் அதைப் 'பெரிய டௌ' என்றே அழைக்கிறார்கள்.

மூளையில் நரம்பு செல்களைத் தவிர வேறு செல்களும் உண்டு. நரம்பிழைகளுக்கு மயலின் உறை சுற்றிவிடும் ஆலிகோடென்ட்ரோசைட்டுகளில் டௌ ஓரளவு இருக்கிறது. நரம்பு செல்களுக்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளில் வழக்கமாக மிகக் குறைவு. மூளைக்கு வெளியே இதயத் தசை, எலும்புத் தசை, நுரையீரல், சிறுநீரகம், விந்தகம் ஆகியவற்றிலும் சிறிதளவு கண்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் அது என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்கள் குறைவு. டௌவைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பங்கு மூளையிலிருந்து வந்ததுதான்.

நரம்பு செல்லுக்குள்ளே எந்த இடம், டீச்சர்? சைட்டோபிளாசம்னு எழுதினா மார்க் போடுவாங்களா?

போடுவார்கள். ஆனால் 'தமிழ்நாட்டில் இருக்கிறேன்' என்பதும் விலாசம்தான், தபால் வராது.

நரம்பு செல்லில் ஒரு செல் உடல், அதிலிருந்து கிளைத்துச் செய்தி வாங்கும் டென்ட்ரைட்டுகள், செய்தியைத் தொலைவுக்குக் கொண்டுபோகும் ஒற்றை ஆக்சான். முதிர்ந்த நரம்பு செல்லில் டௌவின் பெரும்பகுதி ஆக்சானில்தான் கூடியிருக்கும். கீழ் முதுகுப் பகுதியிலிருந்து கால் விரல் வரை ஒரே செல்லின் ஆக்சான் ஓடுகிறது. உயரமான ஆளுக்கு அது ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த நீளம் முழுக்க உள்ளே நுண்குழல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 25 நானோமீட்டர் அகலம், டியூபுலின் என்ற புரதத் துண்டுகளை அடுக்கிக் கட்டியது, நடுவே வெற்றிடம். இந்த நுண்குழல்களின் வெளிப்பரப்பைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் டௌ. உங்கள் விடைத்தாளில் 'ஆக்சானில், நுண்குழல்களோடு இணைந்து' என்று எழுதுங்கள்.

டென்ட்ரைட்டுகளிலும் நுண்குழல்கள் உண்டு. அங்கே அந்த வேலையைப் பார்ப்பது எம்.ஏ.பி.2 என்ற உறவுக்காரப் புரதம். ஆக்சான் தொடங்கும் இடத்தில் ஒரு வடிகட்டும் பகுதி இருக்கிறது. ஆக்சானுக்குள் போன டௌ திரும்பி செல் உடலுக்கு வந்துவிடாமல் அது பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. நோயில் முதலில் குலைவது இந்தப் பங்கீடு. செல் உடலிலும் டென்ட்ரைட்டிலும் டௌ சேரத் தொடங்குகிறது.

அப்போ ஆக்சானைத் தவிர வேறெங்கும் இருக்கவே கூடாதா?

அப்படி இல்லை. சிறிய அளவில் பல இடங்களில் அதற்கு நியாயமான வேலை உண்டு. ஒரு நரம்பு செல் அடுத்ததற்குச் செய்தி கைமாற்றும் இடங்களான நரம்பிணைப்புகளின் இரு பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. டென்ட்ரைட்டில் இருக்கும் சிறிதளவு டௌ, 'ஃபின்' (Fyn) என்ற நொதியை நரம்பிணைப்பின் வாங்கும் பக்கத்துக்குக் கொண்டு சேர்க்க உதவுகிறது என்று 2010-ல் எலிகளில் காட்டினார்கள். செல் சவ்வின் உட்புறத்தை ஒட்டியும் கொஞ்சம் காணப்படுகிறது.

எனக்குப் பிடித்த இடம் உட்கரு. டௌ சைட்டோபிளாசத்துப் புரதம் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். பிறகு மனித செல்களின் உட்கருவிலும், அதற்குள் இருக்கும் உட்கருமணியிலும் அது தென்பட்டது. எலியின் நரம்பு செல்களைச் சூட்டுக்கு உள்ளாக்கிய சோதனையில் உட்கருவுக்குள் டௌ கூடியது. அது இல்லாத செல்களில் டி.என்.ஏ. அதிகமாகச் சேதமடைந்தது. டி.என்.ஏ.வுக்குக் காவல் நிற்கும் வேலையும் இதற்கு இருக்கிறது என்றால், 'நுண்குழல் புரதம்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடும் புத்தகங்களைத் திருத்தி எழுத வேண்டும்.

அது அங்கே செய்யும் வேலைதான் என்ன? தறி ஓட்டுகிறவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்க.

அம்மாப்பேட்டையிலிருந்து வந்த கேள்வி, அதனால் பாவு நூலிலிருந்தே தொடங்குகிறேன். கஞ்சி போடாத பாவைத் தறியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூல் பிசிறு விடும், அறும், பக்கத்து நூலோடு சிக்கும். நம் ஊர்ப்பக்கத்து மரவள்ளி மாவிலேயே எத்தனை மூட்டை இதற்காகப் போகிறது! ஆக்சானுக்குள் நீளவாக்கில் கிடக்கும் நுண்குழல்கள் பாவு நூல் என்றால், டௌ அந்தக் கஞ்சி. டியூபுலின் துண்டுகள் சேர்ந்து குழலாக நீள அது உதவுகிறது, உதிர்வதைக் குறைக்கிறது. டௌவின் ஒரு முனை குழலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், அடுத்தடுத்த குழல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளியும் கிடைக்கிறது. டௌ இருக்கும் ஆக்சானில் அந்த இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். எம்.ஏ.பி.2 இருக்கும் டென்ட்ரைட்டில் அதைப்போல மூன்று மடங்கு.

இந்த உவமை இதோடு நின்றுவிடுகிறது, மேலே இழுத்தால் தப்பாகிவிடும். கஞ்சி காய்ந்தால் நூலோடு நிலைத்துவிடும், டௌ நிலைப்பதே இல்லை. உயிருள்ள நரம்பு செல்லில் ஒவ்வொரு டௌ மூலக்கூறாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு மூலக்கூறு குழலில் தங்கியது சராசரியாக 40 மில்லிசெகண்டு அளவுக்குத்தான், அதாவது ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. தொட்டது, விட்டது, அடுத்த இடத்துக்குத் தாவியது. இத்தனை வேகமாக வந்து போவதால் தான், குழலின் மேல் ஓடும் சரக்கு வண்டிகளுக்கு வழி அடைபடுவதில்லை.

சரக்கு வண்டியா? யார் ஓட்டுவது?

கைனேசின், டைனீன் என்ற இயங்குபுரதங்கள். கைனேசின் செல் உடலிலிருந்து ஆக்சான் முனைக்குப் போகும், டைனீன் அங்கிருந்து திரும்பும். மைட்டோகாண்ட்ரியா, நரம்பிணைப்புக்குத் தேவையான பைகள், பழுதான பொருட்கள் எல்லாம் இவற்றின் மேல்தான் பயணம். வேகமான சரக்கு ஒரு நாளில் 400 மில்லிமீட்டர் வரை போய்விடும். டௌவோ நாளுக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் நகராது. முதுகிலிருந்து கால் விரல்வரை போய்ச் சேர அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

குழலின் மேல் டௌ அடர்ந்திருக்கும் இடத்தில் கைனேசின் கழன்று விழ வாய்ப்பு அதிகம், டைனீன் வந்த வழியே திரும்பிவிடுவதும் உண்டு. ஆகவே டௌ போக்குவரத்தையும் நெறிப்படுத்துகிறது. செல் உடலுக்குப் பக்கத்தில் குறைவாகவும் முனைப்பக்கம் அதிகமாகவும் இருந்தால், சரக்கு இறங்க வேண்டிய இடத்தில் இறங்க அது உதவும் என்று ஒரு கருத்து இருக்கிறது.

எங்க புத்தகத்தில் 'டௌ நுண்குழல்களை நிலைப்படுத்துகிறது'னு இருக்கு. சரிதானே?

தேர்வுக்குச் சரி. ஆராய்ச்சி உலகில் இதன்மேல் சண்டை நடக்கிறது. ஆக்சானில் ஒவ்வொரு நுண்குழலுக்கும் அசையாத பகுதி ஒன்றும், நீண்டும் குறைந்தும் கொண்டிருக்கும் பகுதி ஒன்றும் உண்டு. டௌ அதிகமாக இருப்பது அந்த அசையும் பகுதியில்தான். 2018-ல் பீட்டர் பாஸ் குழுவினர் நரம்பு செல்களில் டௌவைக் குறைத்தபோது, குறைந்தது குழலின் அசையும் பகுதி. நிலைப்படுத்துவதற்காக அல்ல, குழல் தொடர்ந்து நீளும் நிலையில் இருப்பதற்காகவே டௌ இருக்கிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த வாதம் சரியாகப் படுகிறது. நாற்பது மில்லிசெகண்டு தங்கும் ஆள் எதைத்தான் பிடித்து நிறுத்த முடியும்? ஆனாலும் பிள்ளைகளே, நீட்டில் 'நிலைப்படுத்துகிறது' என்றே குறியுங்கள்.

யார் கண்டுபிடித்தது?

1975-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மார்க் கிர்ஷ்னரின் ஆய்வகத்தில், முர்ரே வைன்கார்ட்டனும் மற்றவர்களும். பன்றி மூளையிலிருந்து டியூபுலினைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தபோது அது குழலாகச் சேர மறுத்தது. கழித்துவிட்ட பொருட்களில் ஒன்றைத் திரும்பச் சேர்த்தால் சேர்ந்தது. அந்த ஒன்றுதான் டௌ. நோயோடு அதற்கு இருக்கும் தொடர்பு தெரிய இன்னும் பத்து ஆண்டு ஆனது.

வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பாத தகவல் ஒன்று: டௌவைக் கொதிக்க வைத்தாலும் கெடாது. முட்டை வெந்தால் இறுகுகிறது, காரணம் அதிலுள்ள புரதங்களின் மடிப்பு குலைவது. டௌவுக்குக் குலைய மடிப்பே இல்லை. நிலையான வடிவம் எடுக்காமல் நீரில் தளர்ந்து கிடக்கும் சங்கிலி அது. கொதிநீரில் மற்ற புரதங்கள் திரிந்து அடியில் தங்க, டௌ கரைந்தே நிற்கும். அதைப் பிரித்தெடுக்க இன்றும் அந்தக் குணத்தைப் பயன்படுத்துகிறார்கள். இவ்வளவு கரையும் ஒன்று நோயில் எப்படிக் கட்டியாக இறுகுகிறது என்பதுதான் இத்துறையின் பெரும் புதிர்.

ஒரே மரபணு, ஆறு டௌ என்று படித்தேன். எப்படி?

மரபணுவின் பெயர் எம்.ஏ.பி.டி., 17-வது குரோமோசோமில் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும்போது எக்ஸான்கள் எனப்படும் அதன் துண்டுகளில் 2, 3, 10 ஆகியவற்றைச் சேர்க்கலாம் அல்லது விடலாம். 3-ஐச் சேர்த்தால் 2-ம் கூட வந்தாக வேண்டும். எனவே முன்பகுதியில் மூன்று வழி, பின்பகுதியில் இரண்டு வழி, பெருக்கினால் ஆறு. மூளையில் இருக்கும் இந்த ஆறில் மிகச் சிறியது 352 அமினோ அமிலம், மிகப் பெரியது 441.

பத்தாவது எக்ஸான்தான் முக்கியம். குழலைத் தொடும் பகுதி டௌவில் திரும்பத் திரும்ப வரும் ஒரே மாதிரித் துண்டுகளால் ஆனது. பத்தாவது எக்ஸான் சேர்ந்தால் அத்தகைய துண்டு நான்கு, சேராவிட்டால் மூன்று. நான்கு உள்ளது குழலை இன்னும் நன்றாகப் பற்றும். கருவில் இருக்கும் குழந்தையின் மூளையில் மூன்று துண்டுள்ள மிகச் சிறிய டௌ மட்டுமே. அப்போது ஆக்சான்கள் வழி தேடி வளர்ந்துகொண்டிருக்கின்றன, இளகிய பிடி போதும். வளர்ந்த மனித மூளையில் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. வளர்ந்த எலியிலோ பெரும்பாலும் நான்கு துண்டு வகைதான். எலியில் வேலை செய்த மருந்தை மனிதனுக்குக் கொண்டுவரும்போது இந்த வேறுபாட்டையும் மனதில் வைக்க வேண்டும்.

குழலை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று அதற்கு யார் சொல்வது?

பாஸ்பேட். கைனேஸ் நொதிகள் டௌவின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன, பாஸ்படேஸ் நொதிகள் கழற்றுகின்றன. ஒட்ட இடம் தரும் புள்ளிகள் 441 அமினோ அமில டௌவில் 85. குழலைத் தொடும் பகுதியிலும் அதன் அருகிலும் பாஸ்பேட் ஏறினால் பிடி தளரும். சாதாரண மூளையில் ஒரு டௌ மூலக்கூறுக்கு இரண்டு மூன்று பாஸ்பேட் இருக்கும். அல்சைமர் நோயாளியின் மூளையில் அது மூன்று நான்கு மடங்கு.

உடனே பாஸ்பேட்டைப் பகையாக்க வேண்டாம். கருவிலுள்ள குழந்தையின் டௌவிலும் பாஸ்பேட் மிகுதி, அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஐரோப்பியத் தரை அணில் குளிர்காலம் முழுக்க உறங்கும்போது அதன் மூளை டௌவில் பாஸ்பேட் கிடுகிடுவென ஏறுகிறது, விழித்ததும் இறங்கிவிடுகிறது. (ஏற்காட்டு மார்கழிக் குளிருக்கெல்லாம் நம் அணில் தூங்காது, தேட வேண்டாம்.) ஏறுவது இயல்பு, இறங்காமல் போவதே நோய்.

டௌவே இல்லாவிட்டால் என்ன ஆகும்?

எலியில் செய்து பார்த்தார்கள். 1994-ல் ஜப்பானில் டௌ மரபணுவை நீக்கிய எலிகள் பிறந்தன, வளர்ந்தன, பார்வைக்குப் பெரிய குறை இல்லை. எம்.ஏ.பி.1ஏ என்ற இன்னொரு புரதம் கூடி அந்த இடத்தை ஓரளவு நிரப்பிவிட்டது. வயது ஏறியபோது அத்தகைய எலிகளின் நடையிலும் அசைவிலும் குறை தெரிந்ததாகப் பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

மறதி நோயில் டௌவுக்கு என்ன ஆகிறது? எங்கம்மாவுக்கு அதான்னு சொல்லிட்டாங்க.

இதைக் கேட்கும்போது பலருக்கும் குரல் இறங்கிவிடும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் அல்சைமர் பெரிய பங்கு. உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல.

1906-ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் மூளையைப் பற்றிப் பேசினார். அவர் பெயர் அகுஸ்டே டேட்டர், இறக்கும்போது வயது 55. மூளைச் சீவல்களுக்கு வெள்ளி உப்பால் நிறமேற்றிப் பார்த்தபோது இரண்டு தெரிந்தன: செல்களுக்கு வெளியே படிவுகள், செல்களுக்கு உள்ளே நார்ச்சிக்கல்கள். வெளியே இருப்பது அமிலாய்டு என்ற வேறொரு புரதம் என்று பின்னால் தெரிந்தது. உள்ளே இருக்கும் நாரின் முறுக்கு வடிவத்தை 1963-ல் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அந்த நார் டௌவால் ஆனது என்று 1985, 1986 வாக்கில் சில குழுக்கள் தனித்தனியே காட்டின.

நடப்பது சுருக்கமாக இது. பாஸ்பேட் மிகுந்த டௌ குழலை விட்டு விலகுகிறது. ஆக்சானை விட்டு செல் உடலிலும் டென்ட்ரைட்டிலும் சேர்கிறது. அங்கே ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு கொத்துகளாகி, பிறகு நாராக அடுக்கிக்கொள்கிறது. ஒரு நார் உருவானால் புதிய டௌவும் அதன் முனையில் வந்து அதே அச்சில் சேரும். இரண்டு விதமாக இழப்பு: ஆக்சானில் வேலைக்கு ஆள் இல்லை, செல் உடலில் வேண்டாத கட்டி. எது முதன்மையான கேடு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெரிய நாரைவிட, நாராகும் முன் இருக்கும் சிறு கொத்துகளே நரம்பிணைப்புகளை அதிகம் கெடுப்பதாகப் பலர் கருதுகிறார்கள்.

அமிலாய்டுதான் காரணம்னு டாக்டர் சொன்னாரே?

இரண்டும் உண்டு. அல்சைமரில் அமிலாய்டு முன்னதாக, அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே படியத் தொடங்குகிறது. ஆனால் நினைவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதோடு நெருங்கிப் பொருந்துவது அமிலாய்டின் அளவல்ல, டௌ சிக்கல்கள் எங்கே பரவியிருக்கின்றன என்பதுதான். ஹைக்கோ பிராக், ஏவா பிராக் தம்பதி 1991-ல் அந்தப் பரவலை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். முதலில் பொட்டுப் பக்கத்து மூளையின் உட்புறத்தில், நினைவுக்கு வாசலான என்டோரைனல் பகுதி. அடுத்து ஹிப்போகாம்பஸ். கடைசியில் மேற்பரப்பு முழுக்க. அம்மாவுக்கு முதலில் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்து, ஆனால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணக் கதை துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் இந்த வரிசை.

வயதானவர்களில் மறதியே இல்லாதவர்களுக்கும் என்டோரைனல் பகுதியில் கொஞ்சம் டௌ சிக்கல் இருப்பது மிகச் சாதாரணம்.

ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகுமா? அப்படின்னா தொற்றுமா?

மனிதருக்கு மனிதர் தொற்றாது. அம்மாவின் தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம்.

செல்லுக்குச் செல் போகிறது. நலமான நரம்பு செல்லும் டௌவைச் சிறிதளவு வெளியே விடுகிறது, செல் சுறுசுறுப்பாக இருக்கும்போது கூடுதலாக. அதனால்தான் செல்களுக்கு இடையிலான திரவத்திலும் மூளைத் தண்டுவடத் திரவத்திலும் டௌ இருக்கிறது. தவறாக மடிந்த டௌ இப்படிப் பக்கத்துச் செல்லுக்குள் போனால், அங்குள்ள நல்ல டௌவையும் தன் அச்சுக்கு மாற்றிவிடுகிறது. நரம்பிணைப்பால் தொடர்புள்ள பகுதிகளின் வழியே நோய் பரவுவது அதனால். தூக்கத்தைக் கெடுத்தால் இந்தத் திரவங்களில் டௌ கூடுவதை 2019-ல் எலியிலும் மனிதரிலும் காட்டினார்கள். இரவெல்லாம் விழித்து நீட்டுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதைத் தங்களுக்குச் சாதகமான வாதமாகப் பெற்றோரிடம் காட்டலாம்.

டௌ என்றாலே அல்சைமர்தானா?

இல்லை. அடிக்கடி பின்பக்கமாக விழுவது, கண்ணைக் கீழே இறக்கிப் பார்க்க முடியாமல் படியில் தடுமாறுவது என்று தொடங்கும் பி.எஸ்.பி. நோயில் நான்கு துண்டு டௌ சேர்கிறது, ஆஸ்ட்ரோசைட்டுகளில்கூட. முதலில் இதைப் பார்கின்சன் என்றே நினைப்பார்கள். குணமும் பேச்சும் முதலில் மாறும் பிக் நோயில் மூன்று துண்டு டௌ. அல்சைமரில் இரண்டும்.

2017-லிருந்து கேம்பிரிட்ஜில் மிஷெல் கூடர்ட், ஸ்யோர்ஸ் ஷெரஸ் குழுவினர் இறந்த நோயாளிகளின் மூளையிலிருந்து எடுத்த டௌ நார்களை உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் அணு அளவு நுணுக்கத்தில் பார்த்துவருகிறார்கள். அல்சைமரில் ஒரு மடிப்பு, பிக் நோயில் வேறு, பி.எஸ்.பி.யில் இன்னொன்று. ஒரே அல்சைமர் நோயுள்ள இருவரிடம் மடிப்பு ஒன்றேதான். இயல்பில் வடிவமே இல்லாத புரதம், நோய்க்கு ஒரு வடிவம் என்று இவ்வளவு கறாராக எடுக்கிறது. இதைப் படித்த அன்று பாடம் எடுக்கும் மனநிலையே இல்லை, அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

கபடி ஆடும் பையனுக்குத் தலையில் அடிபட்டது. டௌ பிரச்சினை வருமா?

ஒரு தடவை அடிபட்டதற்காக அந்த பயம் வேண்டாம். திரும்பத் திரும்பத் தலையில் அடி வாங்கும் குத்துச்சண்டைக்காரர்கள், அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்கள் சிலரிடம் சி.டி.இ. என்ற நோய் கண்டிருக்கிறார்கள். அதில் மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி டௌ சேர்கிறது. அடிபட்ட பையனுக்குத் தலைவலி, வாந்தி, குழப்பம் இருந்தால் உடனே மருத்துவமனை. முழுக்கச் சரியாகும்வரை களத்தில் இறக்காதீர்கள், அடுத்த அடி அதற்குள் விழக்கூடாது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு டௌவைவிட அவசரமான ஆபத்துகள் இருக்கின்றன.

ரத்தத்தில் டௌ டெஸ்ட் எடுக்கலாமா?

217-வது இடத்தில் பாஸ்பேட் ஏறிய டௌவை ரத்தத்தில் அளக்க முடிகிறது. அதை அமிலாய்டோடு ஒப்பிடும் ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் அனுமதி தந்தது, 55 வயதைத் தாண்டி அறிகுறியும் உள்ளவர்களுக்கு மட்டும். டௌவையே படம்பிடிக்கும் பெட் ஸ்கேன் மருந்துக்கு அங்கே 2020-ல் அனுமதி கிடைத்தது.

மறதி இல்லாதவர் ஆர்வத்துக்காக எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மறதி இருப்பவருக்கும் முதலில் பார்க்க வேண்டியவை பி12, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு, காது கேட்கும் திறன், சாப்பிடும் மற்ற மாத்திரைகள். இவற்றால் வரும் மறதியைச் சரிசெய்ய முடியும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் இதைத் தொடங்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

மஞ்சள்? ஏற்காடு காபி?

குர்குமின் சோதனைக் குழாயில் டௌ நாராவதைத் தடுக்கிறது. வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த சோதனையில் பலன் தெரியவில்லை. காபி குடிப்பவர்களுக்கு டிமென்ஷியா சற்றுக் குறைவு என்று சில கணக்கெடுப்புகள் காட்டுகின்றன, காபிதான் காரணம் என்பது அதனால் உறுதியாகாது. இரண்டையும் ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

பரம்பரையாக வருமா?

எம்.ஏ.பி.டி. மரபணுவிலேயே பிழை இருந்தால் நடுவயதில் மூளையின் முன்பகுதி சிதையும் நோய் குடும்பத்தில் வரலாம் என்று 1998-ல் தெரிந்தது. அது அரிது. அந்தக் கண்டுபிடிப்பின் முக்கியத்துவம் வேறு: அமிலாய்டு இல்லாமலே டௌ தனியாக நரம்பு செல்லைக் கொல்லும் என்று அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. சாதாரண வயோதிக அல்சைமரில் எம்.ஏ.பி.டி. பிழை இருப்பதில்லை.

டௌவைக் குறைக்கும் மருந்து வந்துவிட்டதா?

அமெரிக்காவில் 2023-ல் லெகானெமாப், 2024-ல் டொனானெமாப் முழு அனுமதி பெற்றன, இரண்டும் அமிலாய்டை அகற்றுபவை. டௌவுக்கு எதிராகச் சோதித்த ஆன்டிபாடிகளில் பல தோற்றன. அவை செல்லுக்கு வெளியே மிதக்கும் டௌவைப் பிடிக்கும், சிக்கலோ செல்லுக்கு உள்ளே. அதுவே காரணமாக இருக்கலாம். எம்.ஏ.பி.டி. மரபணுவின் ஆர்.என்.ஏ.வையே அழித்து, டௌ உற்பத்தியைக் குறைக்கும் ஊசி ஒன்றை முதுகுத்தண்டு வழியே செலுத்திப் பார்த்தார்கள். 2023-ல் வெளியான சிறிய சோதனையில், அதிக அளவு பெற்றவர்களின் தண்டுவடத் திரவத்தில் டௌ ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முழுக்க நிறுத்துவது நோக்கமில்லை. ஆக்சானில் அதற்கு வேலை இருக்கிறதே.

அப்பாவுக்குக் கொடுக்கும் டோனிபெசில் மாத்திரை டௌவைக் கரைக்குமா?

கரைக்காது, அது டௌவைத் தொடுவதே இல்லை. நரம்பு செல்கள் பேசிக்கொள்ளப் பயன்படும் அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது, அதனால் சிலருக்குக் கவனமும் நினைவும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கின்றன. டௌவைக் கரைக்காது என்பதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு, பசியின்மை, தலைச்சுற்றல், நாடித்துடிப்பு குறைவது இவற்றில் எது தெரிந்தாலும் எழுதிவைத்துக்கொண்டு அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். மயங்கி விழுந்தால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அழைத்துப் போங்கள்.